இறக்கத்தில் எரியும் காசு: வாசகர் கேள்வி, வண்டிக்காரர் பதில்

போன இதழில் “இந்த முறை பிரேக் பற்றிக் கேளுங்கள்” என்று கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் சேலத்துக்காரர்கள், அவர்களுக்கு அடுத்தபடி ஏற்காட்டுக்காரர்கள். வீட்டு வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிற ஊரில் பிரேக் கவலை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள் (தங்கள் மெக்கானிக்கும் இந்தப் பத்திரிகை படிப்பாராம்), அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஆறு வருடம் ஆன சின்ன கார், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டால் முன் பேட், இரண்டு டிஸ்க், பின் ஷூ, இரண்டு டிரம் எல்லாம் மாற்றவேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வண்டி நன்றாகத்தான் நிற்கிறது. மாற்றித்தான் ஆகவேண்டுமா? (அம்மாபேட்டை)

“மாற்றணும்” என்று சொன்னவரிடம் “எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான், பேச்சின் தொனியே மாறிவிடும். (புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். பின் சக்கரத்தில் சுற்றுகிற கிண்ணம் டிரம், அதை உள்ளிருந்து அழுத்துவது ஷூ.) பிரேக்கில் தேய்கிற சாமான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது, அளந்து பார்க்காமல் மாற்றச் சொல்வது காய்ச்சல் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி.

புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், அதில் பேரம் கிடையாது. அலாய் வீல் என்றால் செல்போன் டார்ச்சை அடித்து ஆரங்களுக்கு நடுவே நீங்களே பார்த்துவிடலாம். ஆனால் வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள், உள்பக்கம் இருப்பது பல வண்டிகளில் சீக்கிரம் தேய்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். 52,000 ஓடியிருக்கிறது, நடுவில் ஒருமுறையும் மாற்றவில்லை என்றால் பேட் மாற்றும் நேரம் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் செலவை ஒத்துக்கொள்ளுங்கள். சின்ன கார்களுக்கு முன் பேட் செட் வண்டியையும் கம்பெனியையும் பொறுத்து பெரும்பாலும் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும், கூலி தனி.

டிஸ்க் வேறு கதை. ஒரு டிஸ்க் சாதாரணமாக இரண்டு செட் பேடையாவது பார்த்துவிட்டுத்தான் போகும். எவ்வளவு தடிமன்வரை தேயலாம் என்று டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால், ஓரத்தில் நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு பேட் உரசுகிற இடத்தில் அளந்தால், அந்த எண்ணுக்கு மேலே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மேலே இருந்து, லேசான கோடுகள் மட்டும் விழுந்திருந்தால் அப்படியே விடலாம். பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்கிறது, தடிமனும் மிச்சம் இருக்கிறது என்றால் லேத்தில் கொடுத்து பேசிங் போட்டால் (மேற்பரப்பைச் சமமாகச் சீவினால்) போதும். விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பின்னால் இருக்கிற ஷூவும் டிரம்மும் பாதி நேரம் ஓய்வில் இருக்கிற ஆட்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் மூன்றில் இரண்டு பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்துவிடுகின்றன. டிரம்மைக் கழற்றி, தூசியைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே பெரும்பாலான வண்டிகளில் பிரச்சினை முடிந்துவிடும். ஏர் பைப்பை வைத்து அந்தத் தூசியை ஊதச் சொல்லாதீர்கள், அதை மூக்கில் இழுப்பது நல்லதில்லை, ஈரத்துணிதான் சரி.

எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். “இடது பக்கம்தான் தேய்ந்திருக்கு, அதை மட்டும் போடுங்க” என்று சொல்லாதீர்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான். அப்புறம், பேட் மாற்றும்போதே காலிப்பர் (பேடைப் பிடித்து டிஸ்க் மேல் அழுத்துகிற பகுதி) நகர்கிற பின் என்ற கம்பியைக் கழற்றித் துடைத்து அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். உள்பக்கப் பேட் சீக்கிரம் தேய்வதற்குப் பல நேரம் காரணம் இந்தக் கம்பி இறுகிக்கொள்வதுதான். சக்கரத்துக்குப் போடுகிற சாதா கிரீஸை அங்கே வைத்தால் ரப்பர் உப்பிவிடும். பழைய சாமானை டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்பதற்காக இல்லை, உண்மையில் மாற்றினார்களா என்பதற்காக. கடைசியாக ஒன்று, புது பேட் போட்ட அன்றே குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பிவிடாதீர்கள். பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிய இருநூறு முந்நூறு கிலோமீட்டராவது சமதரையில் நிதானமாக ஓட்டவேண்டும்.

எஸ்டேட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை சேலம் இறங்குகிறேன். அடிவாரம் வருவதற்குள் ஏதோ கருகின வாசனை வருகிறது. பேட் 15,000 கிலோமீட்டர்கூட வருவதில்லை. நல்ல கம்பெனி பேட் எது என்று சொல்லுங்கள். (ஏற்காடு)

பேட் நல்லதாகத்தான் இருக்கும். கால்தான் பிரேக்கை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஒரு டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகிற ஆற்றலை அப்படியே சூடாக்கினால் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இரண்டு வாளித் தண்ணீர். அந்தச் சூடு முழுவதும் நான்கு சக்கரத்தில் இருக்கிற உள்ளங்கை அளவு பேடும் ஷூவும் வழியாகத்தான் போகவேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால் கருகின வாசனை வராமல் மல்லிகை வாசனையா வரும்? காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதியில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. நீங்கள்தான் கொடுக்கவில்லை.

“ஏறின கியரிலேயே இறங்கு” என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கே இரண்டாவது கியர் போட்டு ஏறினீர்களோ அங்கே இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், கொஞ்சம் சாய்வு குறைந்த இடத்தில் மூன்று. இன்ஜின் உறுமும், உறுமட்டும், அது வலியில் கத்துவதில்லை. வளைவு வருவதற்கு முன்னால் பிரேக்கை ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். லேசாக, தொட்டும் தொடாமல், கீழே வரும் வரை காலை வைத்துக்கொண்டே வருவதுதான் பேடைத் தின்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டியில் போட்டுவிட்டு உட்காராமல் எல், இரண்டு, அல்லது மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கே பட்டுத்தான் புத்தி வந்தது. பல வருடம் முன்பு, ஒரு மே மாதக் கூட்டத்தில், நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரிலேயே இறங்கி வந்தேன், முன்னால் ஒரு வேன் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. கடைசி ஐந்தாறு வளைவு இருக்கும்போது பெடல் பஞ்சுமூட்டை மாதிரி உள்ளே போனது. நல்லவேளை வேகம் இல்லை. நாலைந்து முறை மடமடவென்று மிதித்து, முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மலைச்சுவர் ஓரமாக நிறுத்தினேன். பின் சீட்டில் யாரும் பேசவில்லை, என் மாமியார் உட்பட. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. ஒருவர் பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், வேண்டாம் என்று கத்தினேன். கொதித்துக் கிடக்கிற டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும், விரிசலும் விடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் சும்மா நிற்பதுதான் வைத்தியம்.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று கொழுந்தனார் மேலே ஊற்றி நிரப்பிவிட்டார். பரவாயில்லையா? (அஸ்தம்பட்டி வாசகி)

அவர் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் ஊற்றுவதற்கு முன் ஏன் குறைந்தது என்று கேட்டிருக்கவேண்டும். டப்பா மூடியிருக்கிற சாமான், ஆவியாகிப் போகாது. ஒன்று, பேட் தேய்ந்திருக்கிறது, தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வருவதால் அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. இல்லை என்றால் எங்கேயோ கசிகிறது. முதலாவது என்றால் அவர் ஊற்றியது வீண், புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே வழிந்து பெயின்டைக் கெடுக்கும் (பட்டால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்). இரண்டாவது என்றால் ஆபத்து. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

மேலே ஏற்காட்டு அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டது இங்கே வருகிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ரப்பர் ஓஸ் வழியாகக்கூட. டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, அது ஈரமானால் 155. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி, குமிழியை மிதித்தால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. நான் மிதித்த பஞ்சுமூட்டை அதுதான். அந்த வண்டியில் நான்கு வருடமாக ஆயில் மாற்றவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. “மாற்றியாச்சு சார்” என்று ஒவ்வொரு முறையும் பில்லில் எழுதி வாங்கினார்கள், நானும் டப்பாவைத் திறந்து பார்த்தவன் இல்லை. புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், என்னுடையது பனங்கருப்பட்டிப் பாகு.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், பழசை முழுவதும் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றி, உள்ளே சிக்கின காற்றை வெளியேற்றச் (ஏர் எடுக்க) சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பிரேக் ஆயில் டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த டாட் எண். மிச்ச ஆயிலைத் திறந்த பாட்டிலில் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். தவறியும் இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள், ஒரு ஸ்பூன் போதும், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மொத்தத்தையும் மாற்றவேண்டி வரும்.

காலையில் வண்டி எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு கிரீச் சத்தம். பிறகு இல்லை. (சூரமங்கலம்)

இரவுப் பனியில் டிஸ்க் மேலே படிகிற லேசான துரு. வண்டி கழுவின மறுநாளும் வரும். செலவு பூஜ்யம். பகல் முழுவதும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கிரீச்சிட்டால்தான் பேடில் இருக்கிற எச்சரிக்கைத் தகடு உரசுகிறது என்று அர்த்தம், அப்போது போங்கள். கரகரவென்று இரும்போடு இரும்பு அரைத்தால் தாமதமாகிவிட்டது, பேட் காசோடு டிஸ்க் காசும் சேர்ந்துவிட்டது.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் நண்பர். தினமும் தருமபுரி போய்வருகிறேன், மாதத்துக்கு நல்ல தொகை வருமே? (ஓமலூர்)

தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் இந்தக் கணக்குப் போட்டுக் கவிழ்ந்திருக்கின்றன என்று ஓமலூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் உயிர் பயத்தைக் காட்டினால் நண்பர் கேட்கமாட்டார், காசைக் காட்டுவோம். இன்றைய பெட்ரோல் கார்கள் எல்லாம் இன்ஜெக்டர் (பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற சாமான்) வைத்தவை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, அதனால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கத் தன் பங்குக்கு பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக நியூட்ரலில்தான் பெட்ரோல் செலவு, பேட் தேய்மானம் அதற்கு மேலே. கார்புரேட்டர் காலத்துப் புத்தி அது, நண்பரிடம் சொல்லுங்கள்.

இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற வேக்குவம் (காற்றை உறிஞ்சுகிற இழுவை) இன்ஜினிலிருந்து வருகிறது. அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்கு வரும், அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

மழைக்காலத்தில் இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் பின் சக்கரம் சுற்றுவதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்துபோக 500 ரூபாய். (நாகலூர்)

ஈரத்தில் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்கின்றன. முதல் கியர், பிறகு ரிவர்ஸ் என்று முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் டப்பென்று விட்டுவிடும். நாள்கணக்கில் நிறுத்தும்போது, சமதரை என்றால், ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிடுங்கள். சரிவில் என்றால் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும், அங்கே 500 ரூபாயைப் பார்க்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் பாதி விலைக்கு பேட் கிடைக்கிறது. கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டு வெளியே செய்யலாமா? (கொண்டலாம்பட்டி)

இரண்டு கேள்வி. வெளியே செய்யலாமா என்றால், வாரண்டி முடிந்திருந்தால் தாராளமாக. பேட் மாற்றுவது ராக்கெட் விடுகிற வேலை இல்லை, நல்ல பட்டறை மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார், கூலியில்தான் உங்கள் மிச்சமே இருக்கிறது. பாதி விலை பேட் வாங்கலாமா என்றால், வேண்டாம். கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்றில்லை, ரானே போல பிரேக் லைனிங்கே தொழிலாகச் செய்கிறவர்களின் பேட் வெளியே நியாயமான விலையில் கிடைக்கிறது. அச்சு மங்கின பெட்டி, விலை ஒட்டாத பெட்டி, “பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்” என்கிற கடை, மூன்றையும் விட்டுவிடுங்கள். பில்லோடு வாங்குங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டதே, பழைய விலையைச் சொல்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கை விடுங்கள். மொத்த சர்வீஸ் பில்லில் எதை வெட்டலாம்? (வாழப்பாடி)

இன்ஜின் பிளஷ் (மருந்து ஊற்றி இன்ஜின் உள்ளே கழுவுவது), தடவைக்குத் தடவை இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி வாசனை ஸ்பிரே, உள்ளே நுரை போட்டுக் கழுவுவது, வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை நேராக்குகிற அலைன்மென்ட். இவற்றைக் கேட்காமல் போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஏர் பில்டர் நீங்களே மாற்றலாம், பல வண்டிகளில் நாலு கிளிப்தான். ஏசி பில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், அதுவும் பத்து நிமிடம். வைப்பர் ரப்பருக்கு எதற்கு மெக்கானிக்?

வெட்டக்கூடாதது இன்ஜின் ஆயில். வண்டி ஓடவே இல்லை, 4,000 கிலோமீட்டர்தான் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி மிச்சம் பிடிப்பதும் கூடாது, இன்றைக்கு மிச்சம், இரண்டு வருடம் கழித்து ரேடியேட்டர். டயர் காற்றை மாதம் இருமுறை, வண்டி சூடாவதற்கு முன்னால், டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்குப் பாருங்கள். டயர் வாங்கும்போது ஓரத்தில் கட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படித்துவிடுங்கள். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைப் புது விலைக்குத் தள்ளுவது இதில் சுலபம்.

திடீர் பிரேக் அடித்தால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைக்கிறது. (குப்பனூர்)

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு) வேலை செய்கிறது. பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள். மெதுவாகப் போகும்போதும் உதைத்தால் மட்டும் காட்டுங்கள்.

என் அப்பாவுக்கு 74 வயது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இன்னும் இரண்டாவது கியரில்தான் ஊர்ந்து வருகிறார், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்கிறார்கள், கூட உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது கியர் போடச் சொன்னால் கேட்பதில்லை. (ஒண்டிக்கடை, ஏற்காடு)

நீங்கள் அதைச் சொல்லாதீர்கள் தம்பி. அகலமான இடம் வந்தால் ஓரம் கட்டிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லுங்கள், ஏறி வருகிற வண்டிக்கும் வழிவிடச் சொல்லுங்கள், மேலே ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை. மற்றபடி அவர் பாட்டுக்கு வரட்டும். அப்புறம் அவருடைய பேட் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். மேலே 15,000 கூட வரவில்லை என்று எழுதியிருக்கிற எஸ்டேட்காரரும் உங்கள் ஏற்காடுதான்.